நல்லவர் என்று மட்டும் சொல்லாதே

அன்புள்ள மருமகளுக்கு,

கிள்ளானிலிருந்து மாமா எழுதுகிறேன். உன் பேராசிரியரின் இரங்கல் கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் நீதான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாமே. பிரிக்பீல்ட்ஸ் அறையில் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ஒரு வரிகூட ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஐம்பதைத் தொடும் முன்பே போய்விட்ட மனிதர், ஓடாதுதான்.

ஒன்றை மட்டும் எழுதிவிடாதே. "நல்லவர், எளிமையானவர், எல்லாரிடமும் அன்பாகப் பழகுவார்." நம் ஊரில் கோயில் தலைவர் இறந்தாலும் இதுதான், லோரி ஓட்டியவர் இறந்தாலும் இதுதான். பெயரை மாற்றினால் அடுத்தவருக்கும் பொருந்துகிற பேச்சைப் பேசுவதற்குப் பதில் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்காரலாம்.

உன் இயற்பியல் துறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். எஸ். பஞ்சரத்தினம். 1934இல் பிறந்தவர். உனக்கு நான் என்ன முறையோ, அவருக்கு சர் சி.வி. ராமன் அந்த முறை. (அதைத் தாண்டி எனக்கும் ராமனுக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது.) பெங்களூரில் ராமன் ஆய்வுக்கழகத்தில் படிகங்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பையன், 1956இல், 22 வயதில், இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்.

அது எதைப் பற்றி என்று புரிய ஒன்று செய். தெங்கு கிளானா சாலை மூக்குக்கண்ணாடிக் கடையில் போலராய்டு கறுப்புக் கண்ணாடி கிடைக்கும். அதை உன் மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பிப் பார். ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போகும். திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. கண்ணாடி அந்தத் திசையை மறித்ததும் ஒளி நின்றுவிடுகிறது. அதிர்வு இப்படி நேர்கோட்டில் இருக்கலாம், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுழலவும் செய்யலாம். இந்த நிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு கோளத்தின் மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம் என்று பிரான்சின் புவாங்கரே முன்பே காட்டியிருந்தார்.

பஞ்சரத்தினம் கேட்ட கேள்வி இதுதான். ஒளியை அந்தக் கோளத்தில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் கொண்டுபோய், மறுபடி முதல் புள்ளிக்கே கொண்டுவந்தால் பழைய ஒளியே கிடைக்குமா?

பூமி உருண்டையை எடுத்துக்கொள். கிள்ளானுக்கு நேர் தெற்கே நிலநடுக்கோட்டில் நின்று, கையில் ஓர் அம்பை வடக்கு நோக்கிப் பிடி. அப்படியே வடதுருவம் வரை நட. அங்கே அம்பைத் திருப்பாமல், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டை நோக்கி இறங்கு. நிலநடுக்கோட்டைத் தொட்டதும் அதன் வழியே கிழக்காக நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடு. வழியில் எங்கும் நீ அம்பைத் திருப்பவில்லை. ஆனாலும் வடக்கு நோக்கிப் போன அம்பு இப்போது மேற்கைக் காட்டும். நடந்த பாதை வளைத்த பரப்பு செய்த வேலை அது. ஒளியிலும் இதே கதைதான். அதிர்வு நிலை பழையபடி வந்துவிடும். அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், மட்டும் நகர்ந்திருக்கும். எவ்வளவு என்றால், கோளத்தில் அந்த மூன்று புள்ளிகளின் முக்கோணம் மையத்தில் அடைக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதி. 22 வயதுப் பிள்ளையின் வேலை இது.

பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகம். 1964இல் ஆக்ஸ்போர்டு. அங்கே ஜார்ஜ் சீரிஸ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து ஆய்வு. 1969 மே மாதம் அங்கேயே இறந்துபோனார். வயது 35.

இனி நீ கவனிக்க வேண்டிய இடம். சீரிஸ் ஓர் இரங்கல் உரையோடு கடமையை முடித்துக்கொள்ளவில்லை. பெங்களூர் இதழ்களிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடந்த தன் சகாவின் கட்டுரைகளைத் திரட்டி, 1975இல் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். இன்னொருவர் எழுத்தைச் சரிபார்த்து அச்சுக்குக் கொடுப்பது பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை. சொந்த ஆய்வின் நேரத்தைத் தின்னும் வேலை. அன்பு என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

1984இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இப்படி ஒரு வடிவியல் கட்டம் உண்டு என்று எழுத, உலகமே பேசியது. 1986இல் பெங்களூரின் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில், இதன் முன்வடிவம் 30 ஆண்டுக்கு முன்பே பஞ்சரத்தினத்தின் கட்டுரையில் இருக்கிறது என்று காட்டினார்கள். பெர்ரி பெரிய மனிதர். மறுக்கவோ மழுப்பவோ இல்லை. 1987இல் பஞ்சரத்தினத்தின் பெயரைத் தலைப்பிலேயே போட்டுக் கட்டுரை எழுதினார். இன்று பாடநூல்களில் அது 'பஞ்சரத்தினம் கட்டம்'. படித்துவைத்திருந்த சகாக்கள் இருந்ததால் கிடைத்த பெயர்.

அப்படி ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமானுஜன் இருக்கிறார். அவருடைய கடைசிக்காலத் தாள்கள் பர்மிங்காம் கணிதப் பேராசிரியர் வாட்சனிடம் போய்ச் சேர்ந்திருந்தன. 1965இல் வாட்சன் இறந்தார். அவர் அறையில் தரை தெரியாமல் ஓரடி உயரத்துக்குக் காகிதம். சில நாளில் எரிப்பதற்கு ஏற்பாடு. பார்க்க வந்த விட்டேக்கர் என்ற கணிதவியலாளர் சும்மா கைவிட்டு எடுத்ததில் ராமானுஜன் கையெழுத்து அகப்பட்டது. அது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய், 1976இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் படும்வரை பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அதிர்ஷ்டம், வேறென்ன.

ஒருவர் விட்டுப்போன தாள்களைத் திரட்டக் காலம் கடந்துவிட்டதே என்றும் தயங்காதே. மும்பை டாட்டா ஆய்வுக்கழகத்தின் கணிதவியலாளர் விஜய் குமார் பட்டோடி 1976இல் 31 வயதில் இறந்தார். அவருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த நம் வட ஆற்காட்டுக்காரர் எம்.எஸ். நரசிம்மன், மைக்கேல் அத்தியாவுடன் சேர்ந்து பட்டோடியின் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டபோது 1996 ஆகிவிட்டது.

உன் பேச்சுக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது நீயே சொன்னாய். அளவீடு தவறிப்போய் நீ கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த இரவில் உன் பேராசிரியர் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து, கருவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தப்பான எண்ணை அழிக்காதே, தேதி போட்டு வை, நாளைக்கு வேணும்" என்றாராம். அதைச் சொல். அந்த எண் மறுவாரம் எதைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சொல். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இயற்பியல் தெரியாது. நான் அம்பை வைத்துச் சொன்ன மாதிரி நீயும் ஒன்றைக் கண்டுபிடி. அவர் எதைத் தேடினார் என்று புரியாமல் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வீடு திரும்பக் கூடாது. ஆய்வுக்கூட உதவியாளரிடமும் போய்க் கேள். பேராசிரியர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது டீனுக்குக்கூடத் தெரியாது.

ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள். எழுதியதும் எனக்கு வாட்சப்பில் அனுப்பு, பார்க்கிறேன்.

உன் பேராசிரியரின் குறிப்பேடுகள், கணினியில் உள்ள தரவுகள், பாதியில் நிற்கும் கட்டுரை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பேற்பது என்று குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, துறைத் தலைவரிடம் இந்த வாரமே பேசிவிடு. அறையை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன்னால்.

அன்புடன்,
மாமா