கடைக்கும் வீட்டுக்கும் கேபிள் இணைப்பு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

செல்லூரிலும் அதைச் சுற்றியும் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் பலர். பில் போடும் கம்ப்யூட்டர், கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, மாடியில் பிள்ளைகளின் படிப்பு, டி.வி. எல்லாம் ஒரே இணைப்பில் ஓடுகின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கம்ப்யூட்டர் இல்லாமல் மொத்த வியாபாரம் நடத்துவது கடினமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாகப் பதிவு செய்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டி வாசலில் நிற்க, கம்ப்யூட்டர் திரை சுற்றிக்கொண்டே இருந்தால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நேரும்போது நம்மவர்கள் இணைய நிறுவனத்தைத்தான் திட்டுகிறார்கள். மாதக் கட்டணம் கூடுதலான திட்டத்துக்கு மாறியும் பார்க்கிறார்கள். ஆனால் இணைய நிறுவனம் தருவது கடை வாசல் வரை வரும் சாலை மட்டுமே. கணக்கு டேட்டா ஒரு கம்ப்யூட்டரில் இருக்க, மற்ற கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து எடுத்துப் பில் போடுவது முழுக்கக் கடைக்குள்ளே நடக்கும் போக்குவரத்து. அந்த வழி குறுகலாக இருந்தால் வாசலில் நான்குவழிச் சாலை வந்தும் பயனில்லை.

வைஃபை இருக்கிறதே என்பார்கள். செல்போனுக்கு அது போதும். பழைய வீட்டுக் கனத்த சுவர், இரும்பு ஷட்டர், இரும்பு ரேக், கூரை வரை அடுக்கிய மூட்டை இவற்றைத் தாண்டும்போது அலை மெலிந்துவிடும். பில் பதிவாகும் நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகவும் இடமுண்டு. ஆகவே பில், கணக்குக் கம்ப்யூட்டர்களுக்குக் கேபிள் இணைப்பே சரி.

வேகக் கணக்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதுபோல எட்டு பிட் ஒரு பைட். இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். ஃபைலின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 1000 மெகாபிட், அதாவது ஜிகாபிட் இணைப்பில் 125 வரை போகலாம். நடைமுறையில் 110 அளவில் கிடைக்கும். 1000 மெகாபைட் உள்ள ஃபைலை நகல் எடுக்க முன்னதில் ஒன்றரை நிமிடம், பின்னதில் பத்து நொடிக்குள். வழியில் ஒரே ஒரு உறுப்பு 100 ஆக இருந்தாலும் அதன் வழியாகப் போவதெல்லாம் 100 தான்.

செலவில் முதலிடம் கேபிளுக்குத் தர வேண்டும். சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்றக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். கேட் 5இ என்ற வகையே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். புதிதாக இழுப்பவர்கள் கேட் 6 வாங்குவது நல்லது. 55 மீட்டருக்குள் அது பத்து ஜிகாபிட்டும் தாங்கும் என்பதால் பிள்ளைகள் காலத்துக்கும் உதவும். சுவருக்குள் போக ஒற்றைக் கம்பி வகையும், சுவரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வர வளைந்து கொடுக்கும் பல இழை வகையும் வேண்டும்.

கலப்படம் இங்கேயும் உண்டு. மிளகில் பப்பாளி விதை பார்த்தவர்கள் நாம். அதுபோல அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் விலை மலிவாக வருகிறது. பெட்டியில் சி.சி.ஏ. என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்; போடாமலும் விற்பார்கள். அலுமினியத்தில் மின்தடை கூடுதல். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும், தூரத்துக் கேமரா அணைந்து அணைந்து எரியும். முனையில் கம்பி எளிதில் ஒடியும். கண்டுபிடிப்பது கடினமல்ல. உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்; வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தராசும் சொல்லிவிடும். செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அலுமினியம் இராது. 305 மீட்டர் பெட்டி இரண்டைக் கையில் தூக்கினாலே சந்தேகம் வந்துவிடும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால்கூட இணைப்பு ஓசையில்லாமல் 100க்கு இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும். "நெட் வருகிறதே" என்று நாமும் இருந்துவிடுவோம்.

அடுத்தது சுவிட்ச். எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட் உள்ள சாதாரண வகை நமக்குப் போதும். மேனேஜ்டு வகையும் 2.5 ஜிகாபிட் வகையும் பெரிய வீடியோ வேலை செய்பவர்களுக்குத் தேவைப்படலாம். அரிசி, பருப்பு விற்பவர்களுக்கு அது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். பில்லுக்கு இரண்டு, கணக்குக்கு ஒன்று, பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், ரூட்டர், மாடி டி.வி. என்று எண்ணினால் ஏழு ஆகிவிடும். எட்டுப் போர்ட் வாங்கினால் மறு வருஷமே போதாது, பதினாறு வாங்கலாம். கேபிள் வழியே மின்சாரம் தரும் சுவிட்ச் என்றால் மொத்த வாட் எவ்வளவு என்று அட்டையில் பார்க்க வேண்டும். கேமராவுக்கு 7 வாட் என்றால் எட்டுக் கேமராவுக்கு 56 வாட். அதற்கு மேலே கொஞ்சம் மீதமும் இருக்க வேண்டும்.

இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டியில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட்டாகவும் மற்றது 100 ஆகவும் இருப்பது உண்டு. கேட்டுத் தெரிந்து, ஜிகாபிட் போர்ட்டில்தான் சுவிட்சை மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர்களைச் சுவிட்சில் மாட்டுங்கள், அந்தப் பெட்டியில் வேண்டாம். கடைப் பையன் கூட்டும்போது கழன்ற கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும். அதனால் முனைதோறும் பெயர் எழுதி ஒட்டுவது அவசியம்.

வைக்கும் இடம் பற்றிச் செல்லூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 2024 அக்டோபர் மழையில் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். கல்லாவுக்கு அடியில் தரையில் கிடக்கும் சுவிட்சும் ரூட்டரும் முதலில் போகும். நெஞ்சு உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டி, யூ.பி.எஸ். இணைப்பில் வைக்க வேண்டும். கரன்ட் ஒயர் போகும் குழாயிலேயே நெட்வொர்க் கேபிளையும் திணிக்கக் கூடாது.

எதிர்ப்புறக் கட்டடத்தில் குடோன் வைத்திருப்பவர்கள் தெருவைத் தாண்டிச் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம். அருகில் இடி விழுந்தால் அதன் வழியே இரு பக்கக் கருவிகளும் கருகும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கண்ணாடி இழைக் கேபிளும், இரு முனையிலும் கன்வர்ட்டரும் போட்டால் மின்சாரம் கடக்க வழியில்லை. செலவு கூடுதல்தான், ஆனாலும் இரண்டு கம்ப்யூட்டர் விலையை விடக் குறைவு.

பொருத்த வருபவரிடம் வேலை தொடங்குமுன்னே பேசிவிட வேண்டியது இரண்டு. பில்லில் "முழுச் செம்பு" என்று எழுதித் தர வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இணைப்பு வேகம் 1 ஜிகாபிட் என்று திரையில் காட்ட வேண்டும். 100 என்று வந்தால் அந்த முனையை வெட்டி மறுபடி போட வேண்டும். பெரிய ஃபைல் ஒன்றை நம் எதிரிலேயே நகல் எடுத்து நேரம் பார்த்தபின் பாக்கியைக் கொடுக்கலாம்.