மின்னஞ்சலுக்கு ஒரு துறை

சென்னையின் வடபால் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை நீளும் கடற்கரை, கலங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதியாகும். இங்குள்ள துறைகள் ஒவ்வொன்றுக்கும் உரிய பணி உண்டு. மீன்பிடி விசைப்படகுகள் காசிமேட்டை அடையும். மின் நிலையங்களுக்குரிய நிலக்கரிக் கப்பல்கள், 2001-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிப் பின்னர்க் காமராசர் பெயரைப் பெற்ற எண்ணூர்த் துறைமுகத்தை நாடும். துறை தவறிய கலம் சரக்கை இறக்குதல் இயலாது. மின்னஞ்சலின் இயல்பும் இத்தகையதே.

கப்பல் கரையை அடையுமுன்னரே அதிலுள்ள சரக்கின் பட்டியலும் விலைச்சீட்டும் மின்னஞ்சல் வழியே முகவர் அலுவலகத்தை அடைகின்றன. அவை உரிய வேளையில் வந்து சேராவிடின் சரக்குப் பெட்டகம் துறைமுகத்திலேயே தங்கும். தங்கும் நாள் மிகுந்தால் கட்டணமும் மிகும். ஆகவே, மேசைக் கணிப்பொறியில் அஞ்சல் மென்பொருளைப் பிழையின்றி அமைத்தல் அங்குள்ள எழுத்தர்க்கு இன்றியமையாத கல்வியாகும்.

வலையமைப்பின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு 1971-இல் அஞ்சல் விடுத்தவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15 அன்று கிட்டியது. அதனை முதலில் பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று.

தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருள்கள் முதலில் பயனரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அடுத்து, வழங்கிகளின் பெயர்களை வினவும். அஞ்சலைப் பெற்று வைத்து, உரியவர்க்குக் கொடுக்கும் தொலைவிடக் கணிப்பொறியே வழங்கி எனப்படும். வரும் அஞ்சலுக்கு ஒரு வழங்கியும் செல்லும் அஞ்சலுக்கு ஒரு வழங்கியும் குறித்தல் வேண்டும்.

வழங்கியின் பெயர் மட்டும் போதாது. துறை எண்ணும் வேண்டும். ஒரே கணிப்பொறி பல பணிகளைச் செய்வதால், இன்ன பணிக்கு இன்ன வாயில் என எண்ணிட்டு வகுத்துள்ளனர். செல்லும் அஞ்சலுக்கு 587 அல்லது 465 என்னும் எண் வழங்கும். வரும் அஞ்சலைப் பாதுகாப்புடன் பெறுதற்கு, ஐமேப் முறையாயின் 993; பாப் முறையாயின் 995. இவற்றுடன், இடைவழியில் பிறர் படித்தறியாவண்ணம் காக்கும் மறையாக்கத்தையும் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும். அஞ்சல் வருகிறது, ஆனால் செல்லவில்லை என்னும் நிலை நேரின், செல்லும் அஞ்சலுக்குரிய அமைப்பை முதலில் ஆராய்தல் அறிவுடைமை.

ஐமேப், பாப் என்னும் இரண்டனுள் எதனைக் கொள்வது? பாப் முறை, அஞ்சலை வழங்கியிலிருந்து இறக்கித் தன் கணிப்பொறியில் சேர்க்கும். படி ஒன்றை விட்டுவைக்குமாறு பணிக்காவிடின், வழங்கியிலுள்ளதை நீக்கிவிடவும் கூடும். ஐமேப் முறையிலோ அஞ்சல் வழங்கியிலேயே நிலைத்திருக்க, எக்கணிப்பொறியிலிருந்தும் அதனைக் காணலாம். எனினும், ஓரிடத்தில் அழித்தது எவ்விடத்தும் அழியும் என்பதை மறத்தலாகாது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் வடசென்னையின் பல தெருக்களில் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் அந்நீருடன் எண்ணெயும் கலந்து வந்தது. அத்தகைய வெள்ளத்தில், தரைத்தளத்துக் கணிப்பொறி ஒன்று மூழ்குமாயின், அதனுள் மட்டும் இறக்கி வைத்த அஞ்சல்களும் அதனுடன் அழியும். வழங்கியில் நிலைத்தவையோ, நீர் வடிந்தபின் வேறொரு கணிப்பொறியில் முன்போலவே தோன்றும். கணக்கை அமைத்த நாளில் ஒருவர் செய்த தேர்வே, பேரிடர் நாளில் பயனையோ இழப்பையோ தருகின்றது.

பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்தல் பிழையாகும். அது பூட்டிய பெட்டியின்மேல் திறவுகோலை வைத்துச் செல்வதை ஒக்கும்.

கலத்திற்குத் துறையறிந்து செலுத்தும் மாலுமி வேண்டும். கணிப்பொறிக்குத் தன் பணியை உணர்ந்த பயனர் வேண்டும். வினவப்பட்ட கட்டங்களைக் கண்டவாறு நிரப்பாது, ஒவ்வொன்றும் எதற்கென அறிந்து நிரப்புபவரே கருவியை ஆள்பவர் ஆவர்.