பட்டியலில் யார் பெயர்?

ராஜபாளையம்,
மாசி 10.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உங்கள் கல்லூரி ஆண்டறிக்கைக்கு ‘ஆசிரியர் - மாணவர் சாதனைகள்’ பகுதியைத் தொகுக்கும் வேலையை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எடுபிடி வேலையாகத் தெரியும். அப்படி நினைத்துவிடாதே. ஒரு கல்லூரி எதை மதிக்கிறது என்பது அந்த நாலைந்து பக்கத்தில்தான் வெளிப்படும். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் எதற்கு மெனக்கெடலாம், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள்.

முதலில் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். கே.எஸ். கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி அங்கேதான் பிறந்தார். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். இயற்பியலோ கணக்கோ, எதைக் கேட்டாலும் விளக்குவார். செய்தி பரவி மற்றக் கல்லூரிப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். உன் கையில் இருக்கும் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவாய்? பேப்பரும் இல்லை, பரிசும் இல்லை, கருத்தரங்கும் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் அந்தக் கல்லூரியில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் கல்லூரியிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் லேபைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் தானாக வந்து படிவம் கொடுக்க மாட்டார். நீதான் அவரைத் தேடிப்போக வேண்டும்.

கிருஷ்ணன் பிறகு கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் அங்கே ராமன் விளைவைக் கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாள் என்று வருஷாவருஷம் கொண்டாடுகிறீர்கள். சுத்தப்படுத்திய திரவத்தில் சூரிய ஒளியைக் குவித்துப் பாய்ச்சி, சிதறி வருகிற வெளிச்சத்தை வடிகட்டிப் பார்த்தார்கள். இப்படிச் சுமார் 60 திரவங்கள். அந்த நாட்களில் கிருஷ்ணன் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். காலையில் எதைப் பார்த்தோம், ராமன் என்ன சொன்னார், இரவு ஒன்பது மணி வாக்கில் அவர் பரபரப்போடு வீடு தேடி வந்து கிருஷ்ணனைக் கூப்பிட்டுப் பேசியது என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பில் யார் பங்கு எவ்வளவு என்று ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

1928 மார்ச் 31-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வந்த குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கிறது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள், பேசட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டு பெயர்கள்தான். பரிசை யாருக்குக் கொடுப்பது என்பது ஸ்டாக்ஹோமில் இருப்பவர்கள் கையில். கட்டுரையில் யார் பெயரைப் போடுவது என்பது கூட இருந்து வேலை பார்த்தவர்கள் கையில். நூறு வருஷம் ஆகப்போகிறது, வத்திராயிருப்புக்காரர் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை.

ராமனிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. அதே ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஆசுதோஷ் டே. பல்கலைக்கழகப் படிப்பு படித்தவர் இல்லை. தண்ணீர் தெறிக்கும்போது எழும் ஓசையைப் பற்றி 1920-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் ராமன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. உன் தலைப்பில் ‘ஆசிரியர்’ என்று போட்டிருக்கிறது அல்லவா, அதை ‘பணியாளர்’ என்று மாற்றச் சொல்லிக் கேள். லேப் அட்டெண்டர், நூலகர், ஒர்க்‌ஷாப் மெக்கானிக் எல்லாரும் அதற்குள் வர வேண்டும். எங்கள் காலத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்து வைக்கத் தெரிந்த ஓர் அட்டெண்டர் லீவு போட்டால் அன்றைய பிராக்டிகலே தள்ளாடும். அவர் பெயர் அறிக்கையில் வந்து நான் பார்த்ததில்லை.

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆனர்ஸ் என்று உங்களிடம் சேரும் பிள்ளைகள் வழக்கமான பாடத்துக்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாகச் சுமக்கிறார்கள். அவர்களுடைய சாதனை என்று ரேங்க்கையும் கம்பெனிச் சம்பளத்தையும் மட்டும் எழுதினால் அந்தக் கூடுதல் உழைப்பு எங்கே போயிற்று? சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த சந்திரசேகரை நினைத்துப்பார். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பையன் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தான். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் புரூஃபை அவர் கொடுத்தனுப்பினார். சந்திரசேகர் அதை வைத்துத் தானே படித்து எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. நோபல் பரிசு வந்தது 1983-இல். கட்டுரை வந்ததை எந்தக் கல்லூரியும் அறிக்கையில் போடும். கூச்சத்தை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தானே, அந்தச் சந்திப்பையும் எழுது என்கிறேன். அடுத்த பிள்ளைக்கு வழி காட்டுவது அதுதான்.

இனி நீ போன மாதம் வருத்தப்பட்டுச் சொன்ன சங்கதி. சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண், பேண்டேஜ் துணியை வைத்துச் செய்த புராஜெக்ட். தறியிலிருந்து இறங்கும் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சியும் பருத்தியின் மெழுகும் இருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சாது, மிதக்கும். அவற்றைப் போக்கச் சோடா போட்டுத் துணியை அவிக்கிற பக்குவத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு துண்டையும் மடித்துத் தண்ணீர்மேல் விட்டு, எத்தனை விநாடியில் முங்குகிறது என்று அந்தப் பெண் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறாள். பத்து விநாடிக்குள் முங்கினால்தான் மருத்துவத் தரம். பரிசு கிடைத்த போஸ்டரில் பெரியவர்கள் பெயர் முன்னாலும் அவள் பெயர் கடைசியிலும் இருந்தது என்றாய்.

இதற்காகச் சண்டைக்குப் போகாதே, சும்மாவும் இருக்காதே. அவளுடைய நோட்டை வாங்கிப் பார். தேதி போட்டு எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டியல் அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்துக்கொண்டு உன் எச்.ஓ.டி.யைத் தனியாகப் போய்ப் பார். “சார், சோதனை முழுக்க இந்தப் பெண் செய்தது, நீங்கள் வழிகாட்டினீர்கள் என்று போடலாமா?” என்று மரியாதையாகக் கேள். முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். யாரும் கேட்காததால்தான் பழைய வரிசையே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் முகம் சுளித்தாலும் ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிடாதே. பெயருக்குப் பக்கத்தில் ஒரே வரியில் அவள் செய்த வேலை என்ன என்று எழுது. வரிசையை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம், அந்த வரி நிற்கும்.

உன் பெயரையும் விட்டுவிடாதே. பொம்பளைப் பிள்ளைகள் தொகுக்கிற பட்டியலில் தொகுத்தவள் பெயரே விடுபட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு மாணவர்களுக்கு நீ தனியாக நடத்தும் கணக்கு வகுப்பை அதில் சேர்.

முதல் படியை எழுதியதும் எனக்கு அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வர முடியுமானால் அவளையும் அவள் அம்மாவையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. துணியை அவிக்கும்போது சோடாவின் அளவை எப்படிக் குறைத்தாள் என்று அவளிடமே கேட்க வேண்டும். எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. சாப்பாடு இங்கேதான் என்று அத்தை சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா