தேடுபொறியில் கடையின் பெயர்: பணம் கொடுக்கும் முன் அறிய வேண்டியவை

கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையிலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் துன் சம்பந்தன் சாலையிலும் வணிகம் செய்வோருக்கு நெடுங்காலமாகக் கடைவாசலே விளம்பரமாக விளங்கி வந்தது. மல்லிகைச் சரத்தின் மணமும், பலகாரக் கடையின் எண்ணெய்ச் சட்டியும், துணிக்கடையின் ஒலிபெருக்கியும் வாடிக்கையாளரை அழைத்தன. 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டபோது அமைக்கப்பெற்ற வளைவுகளும் அலங்காரங்களும் சாலையில் வருவோரின் கண்ணைக் கவர்வதற்காகவே எழுந்தன.

இன்று நிலைமை வேறு. ஷா ஆலமில் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கும் ஒரு தாய், காரில் ஏறிப் புறப்படும் முன்னரே கைத்தொலைபேசியில் மாலைக் கடையைத் தேடிவிடுகிறார். அங்கே தென்படும் நான்கைந்து கடைகளுள் ஒன்றுக்கே அவர் செல்வார். இருபது ஆண்டுகளாக நல்ல மாலை கட்டிவரும் கடையாயினும், அப்பட்டியலில் இல்லையெனில் அவரைப் பொறுத்தவரை அது இல்லாத கடையே.

தோட்டத்தில் பால் வெட்டும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் முறுக்குச் சுட்டும், மாலை கட்டியும், தையற்கடை நடத்தியும் பிழைக்கின்றனர். அவர்களுக்கு முதலீடாகப் பெற்றோரின் சேமிப்பும், ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணமும் செல்வதுண்டு. இத்தகையோரிடம்தான், “மாதந்தோறும் இத்தனை வெள்ளி கொடுங்கள், உங்கள் இணையத்தளத்தைக் கூகுளில் முதலிடத்தில் நிறுத்துகிறோம்” என்று சிலர் வருகின்றனர். அந்தச் சொல்லை எடைபோடும் அறிவு பணம் கொடுக்கும் குடும்பத்தாருக்கும் இருத்தல் வேண்டும்.

உழைத்துப் பெறும் இடமும் ஏலத்தில் எடுக்கும் இடமும்

தடித்த நூலொன்றின் கடைசியில் சொல்லடைவு இருப்பதைப் பள்ளியில் கண்டிருப்போம். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என அது காட்டும். தேடுபொறியும் அத்தகைய ஒரு சொல்லடைவே. உலகிலுள்ள இணையப் பக்கங்களை ஒரு தானியங்கி நிரல் ஓயாமல் படித்துப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. ஒருவர் ஒரு சொல்லை இட்டதும், பொருத்தமான பக்கங்களை அப்பதிவேட்டிலிருந்து வரிசைப்படுத்தித் தருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவர் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கலாம் என்பதே அவர்தம் அடிப்படைக் கருத்தாகும். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன.

இவ்வரிசையில் இடம் பெறுவதற்குக் கூகுள் பணம் பெறுவதில்லை. முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க இயலாது என்றும் அந்நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்துள்ளது. செய்யும் திருத்தங்களின் பயன் தெரிவதற்குப் பெரும்பாலும் நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் அதன் கூற்றே. கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து கத்தி வைப்பவர்களாகிய நமக்கு இக்காலம் பெரிதன்று.

வரிசைக்கு மேலும் கீழும், விளம்பரம் என்னும் பொருள்படும் சிறு குறியுடன் வேறு சில இடங்கள் காணப்படும். அவையே விலைக்குக் கிடைப்பவை. தேடுசொல்லுக்கு ஏலம் கேட்கும் இம்முறையை 1998இல் அமெரிக்காவில் ‘கோடூ’ என்னும் தேடுபொறி முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது. கூகுள் தனது விளம்பரத் திட்டத்தை 2000ஆம் ஆண்டு அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் தொடங்கியது. ‘ஆட்வோர்ட்ஸ்’ என்று வழங்கிய அத்திட்டம் 2018 முதல் ‘கூகுள் ஆட்ஸ்’ எனப்படுகிறது.

ஆக, “முதலிடம் நிச்சயம்” என்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “நீங்கள் கூறுவது எந்த இடம்?” என்பதே. வரிசையில் உள்ள இடம் எனில் அவரால் உறுதி தர இயலாது. விளம்பர இடம் எனில், பணம் நிற்கும் நாளில் அதுவும் மறைந்துவிடும்.

ஏலம் எவ்வாறு நடைபெறுகிறது

மிகுதியாகப் பணம் கேட்பவருக்கே மேலிடம் என எண்ணுதல் கூடாது. பால் நிறுக்கும் இடத்தில் நாம் காண்பதே இதற்கு ஏற்ற விளக்கமாகும். 26 கிலோ பாலில் உலர் ரப்பர் 25 விழுக்காடே இருப்பின் கணக்கில் வருவது 6.5 கிலோ. 20 கிலோ பாலில் 35 விழுக்காடு இருப்பின் 7 கிலோ. எடை குறைவாயினும் பின்னவர் முந்துகிறார். தண்ணீர் கலந்த பால் தராசில் வெல்லலாம். மெட்ரோலாக் கருவியின் முன் வெல்லாது.

கூகுள் ஏலத்திலும் இவ்வாறே ஒருவர் கேட்கும் தொகையும் விளம்பரத்தின் தரமும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. தேடியவரின் சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, மக்கள் அதனை அழுத்துவார்களா, அழுத்தியபின் திறக்கும் பக்கம் அவருக்குப் பயன்படுகிறதா என்பன தரத்தின் கூறுகள். மேலும், தாம் கூறிய உச்சத் தொகை முழுவதையும் எப்போதும் செலுத்த வேண்டுவதில்லை. தமக்கு அடுத்து நிற்பவரைவிட மேலே நிற்பதற்குத் தேவையான அளவே வசூலிக்கப்படும். எனவே தரமுள்ள சிறு கடை, தரமற்ற பெருங்கடையைவிடக் குறைந்த செலவில் மேலிடம் பெறுதல் இயலும்.

சொல் அறிதல்

மக்கள் எந்தச் சொல்லை இட்டுத் தேடுகின்றனர் என்பதே இத்தொழிலின் உயிர்நாடி. நம் நாட்டில் இது சற்றுச் சிக்கலானது. ஒரே முறுக்கைத் தமிழர் ஒருவர் தமிழ் எழுத்தில் தேடுவார். மற்றொருவர் உரோமன் எழுத்தில் ஒரு ‘கே’ இட்டும், இன்னொருவர் இரண்டு ‘கே’ இட்டும் தேடுவர். கிள்ளான் என்னும் ஊர்ப்பெயரையே உரோமன் எழுத்தில் நடுவே ‘ஈ’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவோர் உளர். மாலையை ஆங்கிலச் சொல்லால் தேடுவோரும் உண்டு, மலாய்ச் சொல்லால் தேடுவோரும் உண்டு. மலாய், சீன அன்பர்களும் நம் மாலைகளையும் பலகாரங்களையும் வாங்குகின்றனர் என்பதை மறந்து, தமிழில் மட்டுமே எழுதி வைப்பது வாடிக்கையாளரில் ஒரு பகுதியினரைத் தாமே வாசலில் நிறுத்துவதாகும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதித் தமிழை விட்டுவிடுவதும் அத்தகையதே. மும்மொழியிலும் இரண்டிரண்டு வரிகளேனும் இருத்தல் நன்று.

நம் வணிகர்களின் இணையத்தளங்களில் அடிக்கடி காணும் குறைகள் இரண்டு. முதலாவது, “நறுமணம் கமழும் எங்கள் இல்லத்திற்கு நல்வரவு” என்பன போன்ற அழகிய தலைப்புகள். தேடுபவர் எவரும் அச்சொற்களை இட்டுத் தேடுவதில்லை. “கிள்ளானில் திருமண மாலை: விலையும் முன்பதிவும்” என்னும் எளிய தலைப்பு அதனினும் பன்மடங்கு பயன் தரும். இரண்டாவது, துண்டுப் பிரசுரத்தைப் படமாக எடுத்து அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுதல். விலை, முகவரி, திறந்திருக்கும் நேரம் யாவும் அப்படத்தினுள் இருக்கும். எழுத்தாக ஒன்றும் இராது. படிக்க வரும் நிரலுக்கு எழுத்தே தெளிவான உணவு. படம் இருக்கட்டும், அதிலுள்ள செய்தி எழுத்திலும் இருத்தல் வேண்டும்.

எச்சொல் எப்பருவத்தில் மிகுதியாகத் தேடப்படுகிறது என்பதைக் ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ என்னும் கருவி கட்டணமின்றிக் காட்டும். தம் தளம் எச்சொற்களுக்குத் தோன்றுகிறது என்பதைக் ‘கூகுள் சர்ச் கன்சோல்’ காட்டும். இதுவும் இலவசமே. இவ்விரண்டையும் பார்க்காமல் பணம் கேட்கும் முகவரை நாம் நம்பமாட்டோம்.

நிலப்படத்தில் கடை

அண்மையிலுள்ள கடையைத் தேடுவோருக்குக் கூகுள் நிலப்படத்துடன் சில கடைகளைக் காட்டுகிறது. தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தொலைவு, கடை அறியப்பட்டிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் கொண்டு இவ்வரிசை அமைகிறது. கடையின் விவரங்களை இதில் பதிவதற்குக் கட்டணமில்லை. உரிமையாளர் தாமே என்பதை மெய்ப்பித்தால் போதும். சிறு கடைக்கு இணையத்தளத்தைவிடவும் இப்பதிவே முதலில் செய்யத்தக்கது என்பது நம் கருத்து. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியன எல்லா இடத்திலும் ஒரே வகையாக இருத்தல் அவசியம். முன்னர் இப்பதிவின் வழியே இலவசமாகச் சிறு இணையத்தளமும் அமைக்க முடிந்தது. 2024 மார்ச் மாதம் அவ்வசதி நிறுத்தப்பட்டது. பழைய முகவரியை அழைப்பட்டையில் அச்சிட்டவர்கள் அதனை மாற்றிக்கொள்வார்களாக. விலைக்கு வாங்கும் பொய்ப் பாராட்டுரைகள் விதிமீறல், அவை நீக்கப்படும்.

ஒரு மாதக் கணக்கு

இவையெல்லாம் செய்து முடித்தபின் விளம்பரத்திற்கு வருவோம். எடுத்துக்காட்டாக, கிள்ளானில் மாலை கட்டி விற்கும் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 10 வெள்ளி ஒதுக்குகிறார் எனக் கொள்வோம். ஒரு சில நாள்களில் இருமடங்கு வரை செலவாகலாம். ஆயினும் மாதத்திற்கு 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 304 வெள்ளி. இதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு உண்டு. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 சனவரியில் 6 விழுக்காடாக வந்த இவ்வரி, 2024 மார்ச் முதல் 8 ஆக உயர்ந்தது. வரி 24 வெள்ளி 32 காசு. ஆக மொத்தம் 328 வெள்ளி 32 காசு.

ஓர் அழுத்தலுக்கு 1 வெள்ளி வீதம் 304 பேர் பக்கத்திற்கு வருகின்றனர். ஒரு முன்பதிவில் கிடைக்கும் இலாபம் 40 வெள்ளி என்போம். நூற்றுக்கு இருவர் முன்பதிவு செய்தால் 6 பேர், இலாபம் 240 வெள்ளி. கைநட்டம் 88 வெள்ளி 32 காசு. நூற்றுக்கு நால்வர் செய்தால் 12 பேர், 480 வெள்ளி. செலவு போக 151 வெள்ளி 68 காசு மிஞ்சும். விளம்பரச் செலவு இரண்டிலும் ஒன்றே. இருவரை நால்வராக்குவது விலை தெளிவாக எழுதிய பக்கமும், வாட்ஸ்அப் வினாவுக்கு உடனே விடை தரும் கையுமே. காலையில் கேட்டவருக்கு இரவில் பதில் எழுதும் கடைக்கு எந்த விளம்பரமும் உதவாது.

பணம் கசியும் துளைகளும் உண்டு. “மாலை கட்டுவது எப்படி” எனத் தேடுபவர் வாங்க வருபவர் அல்லர். அத்தகைய சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். ஊர் அமைப்பிலும் கவனம் தேவை. கிள்ளானில் இருப்போர் மட்டுமன்றி, கிள்ளானில் ஆர்வம் காட்டும் வெளியூராருக்கும் விளம்பரம் செல்லும்படியே தொடக்க அமைப்பு இருக்கும். அதனை மாற்றி, அங்கே இருப்போர் என்பதை மட்டும் தெரிவு செய்தல் வேண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் போட்டி மிகுவதால் ஏலத்தொகை உயர்வது இயல்பு. இணையப் பக்கத்தை அதற்குப் பல மாதங்கள் முன்னரே எழுதி வைப்பவர் அந்நாளில் ஏலத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

யார் பெயரில்?

முகவரிடம் வேலையை ஒப்படைப்பது தவறன்று. ஆனால் இணையத்தளப் பெயர், விளம்பரக் கணக்கு, நிலப்படப் பதிவு ஆகிய மூன்றும் கடைக்காரர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். முகவருக்கு நுழைவு அனுமதி மட்டும் தந்தால் போதும். அவை முகவர் பெயரில் இருப்பின், பிணக்கு ஏற்படும் நாளில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நற்பெயரும் அவருடன் போய்விடும். கூகுளுக்குச் செலுத்திய தொகை எவ்வளவு, முகவரின் கூலி எவ்வளவு என்று தனித்தனியே கணக்குக் கேட்பதும் நம் உரிமையே.

வணிகம் தொடங்கி 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிதல் சட்டமாகும். சொந்தப் பெயரில் எனில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் எனில் 60 வெள்ளி. ‘டாட் காம் டாட் மை’ என முடியும் இணையப் பெயர் பெறவும் இப்பதிவு வேண்டும்.

முன்பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிட்டவர் எவரேனும் இருப்பின், தாமதியாது தங்கள் வங்கியையோ, 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைக்க வேண்டும். பணம் கைமாறிச் செல்லும் முன் தடுப்பதற்கு முதல் சில மணி நேரமே உதவும். கருவிகளை இயக்கக் கற்க விரும்புவோர், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கீழ் இயங்கும் ‘நாடி’ நடுவங்களில் தமக்கு அண்மையிலுள்ளதை அணுகலாம். செல்லும்போது கடையின் பதிவுச் சான்றிதழையும், முகவர் தந்த ஒப்பந்தத் தாளையும் உடன் கொண்டு செல்க.