ஜீ.பி. வைத்தியரும் இணையமும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பாடம்



"டொக்டரிட்டப் போனனான். ஒன்லைனிலை போடுங்கோ எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்." புதிதாக வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. வருத்தத்தோடு போனவர் மருந்தில்லாமல் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறார். அப்படிச் செய்யாதீர்கள். இணையம் ஒரு வழி மட்டும்தான். போனில் கேட்கலாம், நேரில் போயும் கேட்கலாம். ஆனாலும் இணைய வழியைப் பழகி வைத்திருப்பது உங்களுக்கே நல்லது. (இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் முறைகள் வேறு.)

1. முதலில் பதிவு

ஜீ.பி.யிடம் பதிவதற்குக் காசு இல்லை. அகதிக் கோரிக்கை முடியாதவரும் பதியலாம், நிராகரிக்கப்பட்டவரும் பதியலாம். அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக உங்களை மறுக்க முடியாது. ஹொட்டலில் தங்கியிருந்தால் அந்த முகவரியையே கொடுக்கலாம். கடதாசிப் படிவத்திலும் பதியலாம், இணையத்திலும் பதியலாம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

2. பெயரும் பிறந்த திகதியும்

எங்கட ஆட்கள் அதிகம் இடறுவது இதிலேதான். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னுக்கு, இன்னோரிடத்தில் பின்னுக்கு, வேறோரிடத்தில் ஒரு எழுத்து மட்டும் என்று இருந்தால் கணினி உங்களை இரண்டு ஆளாக நினைக்கும். ஏ.ஆர்.சி. அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். திகதியை நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கில் போடுங்கள். வருடத்தை முதலில் எழுதிப் பழகியவர்கள் கவனம்.

3. என்.எச்.எஸ். அப்

இதை 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் போனில் இலவசமாகப் போடலாம். தொடர்ந்து எடுக்கும் மருந்துகளுக்குச் சொல்லி வைக்கலாம், ஜீ.பி.யின் செய்திகளைப் பார்க்கலாம். உங்கள் என்.எச்.எஸ். இலக்கமும் அதில் இருக்கும்.

நீங்கள் யார் என்று காட்டுவதற்குக் கடவுச்சீட்டு போன்ற படமுள்ள ஆவணம் கேட்பார்கள். கடவுச்சீட்டு ஹோம் ஒபிஸிடம் இருந்தால் மனம் தளர வேண்டாம். ஜீ.பி. வரவேற்பு மேசையில் இந்த மூன்றையும் கேளுங்கள்: லிங்கேஜ் கீ, ஓ.டி.எஸ். கோட், அக்கவுண்ட் ஐடி. இவற்றை வைத்து, படமுள்ள ஆவணம் இல்லாமலே உள்ளே போகலாம்.

4. யாருடைய போன்?

ஆங்கிலம் தெரிந்த அண்ணனின் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவது சுலபம்தான். ஆனால் கர்ப்பம், இரத்தப் பரிசோதனை முடிவு, சித்திரவதைக் காயம் பற்றிய செய்திகளும் அந்தப் போனுக்கே போகும். உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சொந்த நம்பரையும் கொடுங்கள். சிம் மாற்றினால் அன்றே ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரித் திகதி பழைய நம்பருக்கு வந்து, நீங்கள் அறியாமலே கடந்துபோகும்.

5. இணையப் படிவத்தில் என்ன எழுதுவது?

எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள்: இந்த நான்கும் போதும். சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள். போனின் மொழிபெயர்ப்பை முழுவதும் நம்ப வேண்டாம். "தடிமன்" என்று நாங்கள் சொல்வதை அது "மொத்தம்" என்று மாற்றிவிடக்கூடும். நெஞ்சு எரிவு வேறு, நெஞ்சு நோ வேறு. அந்த வித்தியாசம் தவறக் கூடாது.

கடைசி வரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள். அதற்கும் காசு இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தகப்பனின் வேதனையைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பாரம், உங்களுக்கும் சொல்லக் கூச்சம்.

6. அவசரம் என்றால்

இணையப் படிவம் அவசரத்துக்கு அல்ல. நெஞ்சு நோ, மூச்செடுக்க முடியாமை, நிற்காத இரத்தம் என்றால் 999. உயிராபத்து இல்லை, ஆனால் பொறுக்க முடியாது என்றால் 111. இரவு பகல் எந்நேரமும் இலவசம். "தமிழ், இன்ரப்பிரிற்றர்" என்று இரண்டு சொல் சொன்னால் ஆளைத் தருவார்கள். 111 இணையத்திலும் உண்டு, ஆனால் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் போனில்தான் கேட்க வேண்டும். மனம் உடைந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 111 அடித்து 2 ஐ அழுத்துங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

7. இடம் மாற்றினால்

ஹோம் ஒபிஸ் வேறு ஊருக்கு அனுப்பினால் அங்கே போனவுடன் புது ஜீ.பி.யிடம் பதியுங்கள். காத்திருக்கும் ஆஸ்பத்திரித் திகதிகளைப் பற்றியும் சொல்லுங்கள். மருந்துப் பெட்டிகளை எறியாதீர்கள். பதிவு முடியுமட்டும், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று காட்ட அவை உதவும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறவுங்கள். ஏ.ஆர்.சி. அட்டையில் உள்ள பெயரை ஒரு துண்டில் அப்படியே எழுதி வைத்திருங்கள். ஜீ.பி.யின் போன் நம்பரைப் போனில் பதிந்து வையுங்கள். இவற்றைச் செய்யத் தெரியாவிட்டால் ஆலோசனை நேரத்துக்கு அட்டையையும் போனையும் கொண்டு வாருங்கள், கூட இருந்து செய்வோம். இணையம் விளங்கவில்லை என்று வருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்காதேங்கோ.