விசென்டர் எந்த ஹோஸ்டில் இருக்கிறது?

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சனிக்கிழமை ராத்திரி உனக்கு ஆபீஸில் ஏதோ பெரிய வேலை, சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டாயாம் என்று அக்கா போனில் புலம்பினாள். உன் மெசேஜைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இத்தனை வருஷம் தனி சர்வரில் ஓடிய விசென்டரை விஎம்முக்குள் குடியேற்றப் போகிறாய். "வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுற மாதிரி இருக்கே மாமா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் பயத்தில் பாதி தேவையில்லாதது. ஹோஸ்டுகளையும் விஎம்களையும் மேய்க்கும் விசென்டர் ஒரு மேஸ்திரி. மேஸ்திரி டீ குடிக்கப் போனால் கட்டடம் இடிந்து விழாது. அது நிற்கிற நேரத்தில் விஎம்மை ஓடும்போதே இடம் மாற்றும் விமோஷன் நடக்காது, ஹோஸ்டுகளுக்குள் சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ் வேலை செய்யாது, அதன் வழியாகப் போகிற பேக்கப் ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் பாட்டுக்கு ஓடும். செத்த ஹோஸ்டின் விஎம்களை வேறிடத்தில் எழுப்பும் ஹெச்ஏகூட நிற்காது. ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிட்டால் ஹோஸ்டுகளில் இருக்கும் ஏஜென்டுகள் தங்களுக்குள் பேசிப் பார்த்துக்கொள்ளும். விசென்டர் இருக்கும் ஹோஸ்ட் செத்தால் அதையும் வேறொரு ஹோஸ்டில் எழுப்பிவிடும். தனி சர்வரில் மதர்போர்டு போனால் பார்ட்ஸோடு ஆள் வரும்வரை கொட்டாவி விட வேண்டியதுதான்.

மறுபாதி பயம் நியாயம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, ஷட்டவுன் ஸ்கிரிப்ட் எல்லா விஎம்மையும் ஒழுங்காக அணைத்துவிட்டது. ஒழுங்காக அணைத்ததுதான் வினை. வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள் என்று ஹெச்ஏ பேசாமல் இருந்துவிட்டது. கரண்ட் வந்ததும் எட்டு ஹோஸ்ட் எழுந்தன, ஒரு விஎம்கூட எழவில்லை. விசென்டர் எந்த ஹோஸ்டில் இருந்தது? டிஆர்எஸ் அதை எங்கே தள்ளிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஹோஸ்டாக ரூட்டில் நுழைந்து தேடினேன். பெயரை அடித்தால் போகவில்லை, ஏனென்றால் டிஎன்எஸ்ஸும் அணைந்து கிடக்கும் ஒரு விஎம். ஐபி முகவரிகள் எழுதிய எக்செல் ஷீட் ஃபைல் சர்வரில், அந்த ஃபைல் சர்வரும் விஎம்! ஆறாவது ஹோஸ்டில் விசென்டர் கிடைத்தது. ஆன் செய்தேன், சர்வீஸ் எழவில்லை. அதன் டேட்டாபேஸ் இருந்த விஎம்மை நான் இன்னும் எழுப்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உன் அத்தை முகத்தைப் பார்க்கணுமே.

மறுநாளே விசென்டரை மட்டும் ஒரே ஹோஸ்டில் இருக்கும்படி டிஆர்எஸ்ஸில் விதி போட்டேன். ஹோஸ்ட் செத்தால் ஹெச்ஏ வேறு இடத்தில் எழுப்பலாம் என்பதால் 'கட்டாயம்' என்றில்லாமல் 'முடிந்தவரை' என்றே போட்டேன். அந்த ஹோஸ்டின் ஐபி, எழுப்ப வேண்டிய வரிசை (முதலில் டிஎன்எஸ், பிறகு டேட்டாபேஸ், அப்புறம் விசென்டர்) இரண்டையும் காகிதத்தில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். பாஸ்வேர்டை ஒட்டாதே, அது வேறு கதை.

இன்னொரு பொறி நெட்வொர்க்கில் இருக்கிறது. நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் போட்டிருக்கிறீர்கள். அதில் வழக்கமான ஸ்டாட்டிக் பைண்டிங்கில் போர்ட் ஒதுக்கிக் கொடுப்பதே விசென்டர்தான். ஏற்கெனவே போர்ட் வாங்கிய விஎம் அப்படியே எழுந்துவிடும். ஆனால் விசென்டரையே பேக்கப்பிலிருந்து மீட்டு ஒரு ஹோஸ்டில் வைத்தால் அதற்குப் போர்ட் கொடுக்க ஆள் கிடையாது. அதனால் விசென்டர் இருக்கும் விலானில், விசென்டர் இல்லாமலே போர்ட் கிடைக்கும் எஃபெமரல் பைண்டிங்கோடு ஒரு போர்ட் குரூப்பை இப்போதே செய்து வை. ஐந்து நிமிஷ வேலை.

மாற்றும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வரை அப்படியே கன்வெர்ட்டரில் போட்டு விஎம் ஆக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். விண்டோஸில் ஓடும் விசென்டர் 6.7-ஓடு முடிந்துபோன கதை; 2020-இல் வந்த 7.0-இலிருந்து, விசென்டரோடு தயாராக வரும் விஎம்மான அப்ளையன்ஸ் மட்டும்தான். செத்த மாட்டை வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோவாய்? உன்னுடையது 6.7 என்பதால் 7.0 இன்ஸ்டாலரில் உள்ள மைக்ரேட் வழியாக அப்ளையன்ஸுக்குப் போ, அங்கிருந்து 8.0-க்கு ஏற்று. புது அப்ளையன்ஸ் முதலில் தற்காலிக ஐபியில் நிற்கும். டேட்டா வந்து சேர்ந்ததும் பழையதை அணைத்துவிட்டு அதன் பெயர், ஐபி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஹோஸ்டுகளுக்கு ஆள் மாறியது தெரியாது. பெயரிலிருந்து ஐபி, ஐபியிலிருந்து பெயர் என்று டிஎன்எஸ்ஸில் இரண்டு பக்கமும் சரியா என்று வெள்ளிக்கிழமையே பார்த்துவிடு. டிஆர்எஸ்ஸை மேனுவலில் போடு, அன்றைய பேக்கப் வேலைகளை நிறுத்து. பழைய சர்வரில் திறக்கும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் ஜன்னலைக் கடைசிவரை மூடாதே. பக்கத்து சீட்டுக்காரர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து லாக் ஆஃப் செய்துவிடாமல் சொல்லி வை.

முடிந்த கையோடு பழைய சர்வரை ஸ்கிராப்புக்காரனிடம் தள்ளிவிடாதே. நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டு ஒரு மாதம் அப்படியே கிடக்கட்டும். திரும்பிப்போக நேர்ந்தால் அப்ளையன்ஸை அணைத்துவிட்டுப் பழைய சர்வரை எழுப்ப வேண்டும். அப்போது அதில் டொமைன் லாகின் வேலை செய்யாமல் போகலாம், லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பார்.

சனிக்கிழமை போனை சைலன்டில் போடாமல் படுக்கிறேன். அக்காவிடம் இட்லி கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா