இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல



நடவு, களையெடுப்பு, தண்ணீர்க் குடம், விறகுச் சுமை, கைக்குழந்தை. இத்தனையையும் தாங்குவது இடுப்பு. அது வலித்தால் வீட்டில் நடக்கும் பேச்சு இது:

"ஏங்க, இடுப்பு விட்டுப் போகுது. நிமிர முடியலை."

"கடையில வலி மாத்திரை வாங்கித் தர்றேன். பத்து நாள் படுத்திரு, சரியாப் போயிடும்."

பரிவோடு சொன்ன யோசனைதான். ஆனால் இரண்டுமே கெடுதல்.

ஏன் கெடுதல்?

பெரும்பாலான இடுப்பு வலி பெரிய நோயால் வருவதல்ல. சில வாரங்களில் குறைந்துவிடும். ஓரிரு நாள் ஓய்வு போதும். நாள் கணக்கில் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைகள் பலமிழக்கும். குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். முக்கும்போது வலி ஏறும். வெறும் வயிற்றில் அடிக்கடி போடும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

"நாள் பூரா வயல்ல குனியிறவளுக்கு உடற்பயிற்சி எதுக்கு?" என்று கேட்கலாம். வயல் வேலை ஒரே பக்கமாக இடுப்பை வளைக்கிறது. பயிற்சி எல்லாத் தசைக்கும் பலம் தருகிறது. நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டை வழக்கமாக அணியச் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

1. காலை மாலை பத்து நிமிடம் நடங்கள். மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

2. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். பத்து முறை. பிறகு ஒவ்வொரு முழங்காலாக மார்பருகே இழுத்து விடுங்கள். வலி கடுமையானால் நிறுத்துங்கள்.

3. கம்பு, கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு, கொய்யா சாப்பிடுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மலம் வரும்போது அடக்காதீர்கள். இருட்டட்டும் என்று பெண்கள் காத்திருக்கும் நிலை வேண்டாம். வீட்டில் கழிப்பறை அவசியம்.

4. சுமையைக் குனிந்து தூக்காமல், குந்தி உட்கார்ந்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: மனைவிக்கு வலி என்றால் தண்ணீர்க் குடத்தை நீங்கள் எடுங்கள். மாலையில் இருவருமாக நடங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

கால் மரத்தால் அல்லது பலம் குறைந்தால். தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாவிட்டால். சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டால். காய்ச்சல் அல்லது உடல் மெலிவு இருந்தால். மலத்தில் இரத்தம் வந்தால். விழுந்து அடிபட்டு வலித்தால். கர்ப்பிணிக்கு வலியோடு உதிரம் பட்டால்.

நடக்க முடியாமல் வீட்டில் முடங்கியிருப்போருக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

வலியை மறைக்காதீர்கள். வலிக்கு அஞ்சி முடங்காதீர்கள்.